சமாதானப் பேச்சுவார்த்தை பற்றி ஆய்வு: சென்னையில் இருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“பிரிவினைப் போராட்டங்களைப் பேச்சுவார்த்தை மூலம் தீர்த்தல்” என்று சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) தலைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் கைடின் அறைக்கும் நூலகத்துக்கும் நடந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.ஏ. டிசர்டேஷன், முனைவர் பட்டம், பத்திரிகைக்கு ஒரு நீண்ட கட்டுரை, எதுவானாலும் வேலை ஒன்றுதான். எனக்கு இதையெல்லாம் வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. ஒவ்வொரு கவுண்டராக நின்று, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எந்த மோதலின் வரலாற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரகசியக் கோப்பு கைக்கு வந்தால்தான் ஆய்வு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தேவையானதில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எந்த வாக்குறுதி எந்தத் தேதிக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் நடந்தது அல்லது நடக்காமல் போனது என்று அதை உட்கார்ந்து அடுக்கிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

1. தலைப்பைச் சுருக்குங்கள்: இரண்டு மோதல், ஒரு கேள்வி

உலகத்தில் உள்ள எல்லாப் பேச்சுவார்த்தையையும் எடுத்தால் ஐந்து வருடத்திலும் முடியாது. ஒன்றை மட்டும் எடுத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), “வேறு எங்கும் இப்படி நடக்கவில்லையா?” என்று கேட்பார்கள். இரண்டு எடுங்கள். என் கணக்கில் நன்றாகப் பொருந்தும் ஜோடிகள் இரண்டு. இந்தியாவுக்குள் என்றால் மிசோரமும் நாகாலாந்தும். ஒன்று 1986-ல் கையெழுத்தாகி முடிந்தது, மற்றது 1997-ல் போர்நிறுத்தம் தொடங்கி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளிநாடு என்றால் இலங்கையின் 2002 போர்நிறுத்தமும் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்துக்கான 2005 ஹெல்சிங்கி ஒப்பந்தமும். இரண்டிலும் வெளியார் நடுவர், இரண்டிலும் கண்காணிப்புக் குழு, இரண்டு இடத்திலும் ஒரே சுனாமி. ஒன்று நிலைத்தது, ஒன்று உடைந்தது.

கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். “பேச்சுவார்த்தை ஏன் தோற்றது?” என்பது கேள்வி இல்லை, அது ஒரு புத்தகம். “ஒப்பந்தத்தில் மீறல்களை விசாரிக்கும் அதிகாரம் யாருக்குத் தரப்பட்டது, அவரால் என்ன செய்ய முடிந்தது?” என்பது கேள்வி.

இங்கே ஒரு பொறி உண்டு. கையெழுத்தான எல்லாவற்றையும் “சமாதான ஒப்பந்தம்” என்றே எழுதிவிடுகிறோம். போர்நிறுத்த ஒப்பந்தம் துப்பாக்கியை நிறுத்தும், அரசியலைத் தொடாது. சட்டக ஒப்பந்தம் எதைப் பற்றிப் பேசுவது என்று மட்டும் சொல்லும். இறுதி ஒப்பந்தத்தில்தான் யாருக்கு என்ன கிடைக்கும் என்று இருக்கும். இலங்கையில் 2002-ல் கையெழுத்தானது முதல் வகை. நாகா தரப்புடன் 3 ஆகஸ்ட் 2015-ல் கையெழுத்தானது இரண்டாம் வகை. மிசோ ஒப்பந்தம் மூன்றாவது. முதல் வகையை மூன்றாவதோடு ஒப்பிட்டு “இது தோற்றது, அது வென்றது” என்று எழுதினால், விவரம் தெரிந்த ஒரு தேர்வாளர் போதும், அந்த அத்தியாயம் திரும்பி வந்துவிடும்.

காலம்: இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கைடு ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, “நான் எப்போது இலங்கை எடுக்கச் சொன்னேன்?” என்ற கேள்வி வரும்.

2. மூல உரைகளை இறக்குங்கள்

செலவு: பூஜ்யம். பிரிண்ட் எடுத்தால் ஜெராக்ஸ் கடைக்குச் சில நூறு ரூபாய். எடுத்துவிடுங்கள். கைப்பேசித் திரையில் ஒப்பந்தம் படித்து யாரும் உருப்பட்டதில்லை.

ஐ.நா.வின் ‘பீஸ்மேக்கர்’ தளத்தில் ஒப்பந்த உரைகள் நாடு வாரியாக உள்ளன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ‘பாக்ஸ்’ தரவுத்தளத்தில் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பொருள் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காவல்துறை, பெண்கள், நிலம் என்று தேடலாம். அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்து க்ரோக் நிறுவனம், 1989-க்குப் பிறகான முழுமையான ஒப்பந்தங்களை எடுத்து, எந்த ஷரத்து எந்த ஆண்டு எவ்வளவு நிறைவேறியது என்று கணக்கு வைத்திருக்கிறது. இந்திய ஒப்பந்தங்களுக்கும் இலங்கை ஆவணங்களுக்கும் ‘சவுத் ஏஷியா டெரரிசம் போர்ட்டல்’ கைகொடுக்கும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்களுக்கு ‘நூலகம்’ இணையத்தளம். ஈழத்து ஆவணங்களுக்காக அதை நடத்துபவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

நடுவராக இருந்த நாடு தன் வேலையை மதிப்பிடவைத்த அறிக்கையும் உண்டு. இலங்கையில் நோர்வேயின் முயற்சி பற்றி அந்நாட்டின் நோராட் அமைப்பு வெளியாரைக் கொண்டு எழுதவைத்து 2011-ல் வெளியிட்டது. இலவசம். அதைப் படிக்காமல் இலங்கை அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.

இறக்கியதும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, உரையின் பின்னிணைப்புகள் இருக்கின்றனவா? 29 ஜூலை 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பல பிரதிகளில் பிரதான உரை மட்டும்தான் இருக்கும். அதே நாளில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் தனியாகக் கிடக்கும். திருகோணமலைத் துறைமுகம் பற்றிய விஷயமெல்லாம் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. அவை இல்லாமல் படித்தால் இந்தியா எதற்காக உள்ளே போனது என்பதில் பாதி புரியாது.

இரண்டாவது, உரையை வெளியிட்டது யார்? 2015 நாகா சட்டக ஒப்பந்தத்தை அரசு அப்போது வெளியிடவில்லை. 2020 ஆகஸ்டில், எதிரே கையெழுத்திட்ட நாகா ஆயுத அமைப்பான என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) தரப்புதான் வெளியிட்டது. அரசு சார்பில் அதில் கையெழுத்திட்ட ஆர்.என்.ரவி 2021-ல் தமிழ்நாட்டு ஆளுநராக வந்தார் என்பதால் சென்னையில் பலருக்கு அந்தப் பெயர் வேறு காரணங்களுக்காகத்தான் தெரியும். நீங்கள் எழுதும்போது “இந்தத் தரப்பு வெளியிட்ட உரையின்படி” என்று போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, கையெழுத்திட்டவர்கள் யார் சார்பில் போட்டார்கள்? நாகா தரப்போடு போட்ட 1975 ஷில்லாங் ஒப்பந்தத்தைப் பாருங்கள். தலைமறைவு அமைப்புகளின் பிரதிநிதிகள் என்று பொதுவாக இருக்கும். அதை ஏற்காதவர்கள் 1980-ல் என்.எஸ்.சி.என். தொடங்கினார்கள். 1987 ஒப்பந்தத்தில் விடுதலைப் புலிகளின் கையெழுத்தே கிடையாது. கையெழுத்துப் பகுதியைத்தான் எல்லோரும் படிக்காமல் விடுகிறோம். நான் முதலில் அதைத்தான் திருப்புவேன்.

3. தேதி அட்டவணை போடுங்கள்

ஆய்வின் முதுகெலும்பு இதுதான். நேரம் போகட்டும் என்று விடுங்கள். எக்செல்லில் ஆறு பத்தி: ஷரத்து எண், என்ன வாக்குறுதி, யார் செய்ய வேண்டும், கெடு, சரிபார்ப்பது யார், உண்மையில் நடந்தது எப்போது.

1987 ஒப்பந்தத்தை வைத்து நிரப்பிப் பாருங்கள். கையெழுத்தான 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும். அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைத்து முடிக்க வேண்டும். 15 ஆகஸ்டுக்குள் வடக்கிலும் கிழக்கிலும் அவசரநிலையை நீக்க வேண்டும். 1987 முடிவதற்குள் மாகாணசபைத் தேர்தல். 31 டிசம்பர் 1988-க்குள், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கில் பொதுவாக்கெடுப்பு. இப்போது கடைசிப் பத்திக்கு வாருங்கள். அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போரே தொடங்கிவிட்டது. வடகிழக்கு மாகாணசபைத் தேர்தல் 1988 நவம்பரில். பொதுவாக்கெடுப்பு நடக்கவே இல்லை. தற்காலிகம் என்று இணைத்த இரண்டு மாகாணங்களும் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிப் பிரியும்வரை அப்படியே கிடந்தன. பல வருடம் பதுங்கு வாழ்க்கை வாழ்ந்த குழுக்களிடம் 72 மணி நேரத்தில் ஆயுதத்தை வாங்கிவிடலாம் என்று எழுதியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை நீங்கள் அலங்காரமாக எழுத வேண்டியதில்லை. அட்டவணையே கேட்டுவிடும்.

அடுத்து அச்சேவை நிரப்புங்கள். 15 ஆகஸ்ட் 2005 ஒப்பந்தம் மொத்தமே சில பக்கம். ஆனால் எண்கள் இருக்கின்றன. பதினைந்து நாளுக்குள் பொதுமன்னிப்பு. சுதந்திர அச்சே இயக்கம் 3,000 போராளிகளைக் கலைத்து 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், செப்டம்பர் 15-ல் தொடங்கி நான்கு கட்டமாக, ஆண்டு முடிவதற்குள். அதே கட்டங்களில் அரசும் வெளியிலிருந்து கொண்டுவந்த படையைத் திரும்பப் பெற வேண்டும். மிஞ்சி இருக்கக்கூடிய படையினர் 14,700, போலீஸ் 9,100. ஒருவர் ஒரு படி, மற்றவர் ஒரு படி. டிசம்பரில் இரண்டும் முடிந்தன. அச்சே ஆட்சிச் சட்டம் மட்டும் 31 மார்ச் 2006 கெடுவைத் தாண்டி ஜூலையில்தான் நிறைவேறியது. அதற்காக யாரும் மறுபடி துப்பாக்கி தூக்கவில்லை. முதலில் ஆறு மாதத்துக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய, ஆசியான் கண்காணிப்புக் குழு காலநீட்டிப்பு வாங்கி 15 டிசம்பர் 2006 வரை தங்கியது. தாமதம் எப்போது ஒப்பந்தத்தை உடைக்கும், எப்போது உடைக்காது என்று ஒரு அத்தியாயமே இதில் இருந்து எழுதலாம்.

“சரிபார்ப்பது யார்” என்ற பத்தியில் அவசரப்படாதீர்கள். இலங்கையின் 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்தில், ஷரத்துகளுக்குப் பொருள் சொல்வதில் கண்காணிப்புக் குழுத் தலைவர்தான் இறுதி அதிகாரி என்று இருக்கிறது. அச்சேயிலும் தகராறு வந்தால் குழுத் தலைவரின் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று இருக்கிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் அச்சேயில் அதற்கு மேலும் ஒரு படி உண்டு. குழுத் தலைவரால் தீராவிட்டால் நடுவராக இருந்த பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அட்டிசாரியின் அமைப்பு வரைக்கும் போகலாம், அதுவும் கட்டுப்படுத்தும். இலங்கையில் அந்த ஏணி இல்லை. நோர்டிக் நாட்டுக் குழு மீறல்களை எண்ணி எழுதியது, அதற்கு மேல் அதன் கையில் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை விட்டு விலக 14 நாள் முன்னறிவிப்பு போதும் என்று இருந்தது. 2008 ஜனவரி 2-ல் அரசு விலகுவதாக அறிவித்தது, 16-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. அதாவது, அந்த ஒரு ஷரத்து மட்டும் சொன்ன கெடுவில் நிறைவேறியது.

கூட்டறிக்கைகளையும் அட்டவணையில் சேருங்கள். இலங்கை அரசும் புலிகளும் பேசியது 2002 செப்டம்பர் முதல் 2003 மார்ச் வரை ஆறு சுற்று: தாய்லாந்தில் சத்தஹிப், நக்கோன் பதோம், பிறகு ஒஸ்லோ, மறுபடி நக்கோன் பதோம், பெர்லின், கடைசியில் ஜப்பானின் ஹக்கோனே. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வந்த அறிக்கை சின்னதுதான். ஆறையும் ஒரே மூச்சில் படியுங்கள். ஒஸ்லோவில் இரு தரப்பும் கூட்டாட்சியை ஏற்றுக்கொண்டன என்று பலர் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அறிக்கையில் இருப்பது, ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பின் அடிப்படையில் ஒரு தீர்வை ஆராய இணங்கினார்கள் என்பதுதான். இரண்டாம் நிலைப் புத்தகத்தில் இருந்து எடுத்து எழுதினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

காலம்: ஒரு ஒப்பந்தத்துக்கு மூன்று வாரம். இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டால் கடைசிப் பத்தியை நீங்கள் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம்.

4. நூலகம் போகும்போது

அட்டவணையில் எந்தத் தேதிகளில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த பிறகே நூலகம் போங்கள். “1987 பேப்பர் எல்லாம் பார்க்கணும் சார்” என்று போய் நின்றால் முழு வருடக் கட்டையும் யாரும் தூக்கிவர மாட்டார்கள். “1987 அக்டோபர் முதல் இரண்டு வாரம்” என்று கேட்டால் வரும்.

எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கன்னிமாரா தேசிய வைப்பு நூலகங்களில் ஒன்று. பழைய நாளிதழ்களுக்கு முதல் வாசல் அதுதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் புத்தகங்களுக்கும் உட்கார்ந்து எழுதுவதற்கும் வசதி. பறக்கும் ரயிலில் இறங்கி நடந்துவிடலாம். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தமிழ் அச்சுப் பொருட்களும் பழைய இதழ்களும். அங்கே போகுமுன் என்ன வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டுவிட்டுப் போங்கள், பிரதி எடுக்கும் கட்டணத்தையும் அப்போதே கேளுங்கள். அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகம். இரண்டுக்கும் கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

கடிதம் என்றால் துறைத் தலைவர் கையெழுத்து, துறையின் முத்திரை, உங்கள் தலைப்பு, எத்தனை மாதத்துக்கு அனுமதி கேட்கிறீர்கள் என்ற வரி, நான்கும் வேண்டும். ஒரே நாளில் பத்துப் பிரதிக்கு அசல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸ் கடிதத்தைச் சில இடங்களில் தொடமாட்டார்கள். ஓர் அலுவலகத்தில் முத்திரை லேசாக விழுந்திருக்கிறது, எழுத்து தெரியவில்லை என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே முத்திரை வைக்கும்போது பக்கத்தில் நின்று, மை போதுமா என்று பார்த்து வாங்குங்கள். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நாலைந்து, பென்சில், பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஒரே நாள் செய்தியை ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும், முடிந்தால் ‘நூலகம்’ தளத்தில் ஒரு இலங்கைப் பத்திரிகையிலும் பாருங்கள். எது முதல் பக்கம், எது உள்பக்கம் என்பதே தரவு. இன்னொன்று, பத்திரிகையின் தேதி வேறு, சம்பவத்தின் தேதி வேறு. இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் அட்டவணையையே குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

5. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்): முதல் மாதமே போட்டுவிடுங்கள்

இந்திய ஒப்பந்தங்களை எடுத்தவர்களுக்கு இது. மத்திய அரசுத் துறைகளுக்கு இணையவழி மனு, கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. பதிலுக்கு 30 நாள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்வையிடுவதானால் முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். மனு 500 வார்த்தைக்குள் இருக்கட்டும்.

பதில் வராவிட்டாலும் பாதி வந்தாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது. 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே வரிசை நீளம், உங்கள் ஆய்வுக் காலத்துக்குள் முடியும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அதனால்தான் முதல் மாதமே போடச் சொல்கிறேன்.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். “பேச்சுவார்த்தையின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தரவும்” என்றால் பதிலை இப்போதே சொல்லிவிடலாம்: பிரிவு 8(1)-இன் முதல் உட்பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, மறுப்பு. உளவுத்துறை, ரா போன்றவை இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் தவிர வேறெதற்கும் சட்டமே பொருந்தாது. “ஏன் தாமதம்?” என்றும் கேட்காதீர்கள். காரணம் சொல்வது தகவல் அலுவலரின் வேலை இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர் வேலை.

பணத்தைக் கேளுங்கள். பேச்சின் சொற்களை மறைப்பார்கள், செலவுக் கணக்கை மறைப்பது கடினம். உதாரணமாக உள்துறை அமைச்சகத்துக்கு: “வடகிழக்கு மாநிலங்களில் ஆயுதக் குழுவினரின் சரணடைதல் மற்றும் மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் 2015–16 முதல் ஆண்டு வாரியாக, மாநில வாரியாக விடுவிக்கப்பட்ட தொகையைக் காட்டும் ஆவணத்தின் நகல்.” ஆண்டு, திட்டத்தின் பெயர், ஆவணம், மூன்றும் இருக்கின்றன. மறுக்க இடம் குறைவு. ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். ஐந்தைச் சேர்த்துக் கேட்டால் ஐந்து பிரிவுக்கும் மாற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

மனு போடுமுன் நாடாளுமன்றக் கேள்வி–பதில்களைத் தேடிவிடுங்கள். நீங்கள் கேட்க நினைப்பதை ஏதோ ஒரு வடகிழக்கு எம்.பி. ஏற்கெனவே கேட்டு, அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியிருப்பார். இலவசம், உடனடி, மேற்கோள் காட்டவும் கனமானது. உள்துறையின் ஆண்டறிக்கைகளையும் வருடவாரியாக இறக்கி, அதே பத்தி எந்த வருடம் மாறுகிறது என்று பாருங்கள். வருடக்கணக்கில் மாறாத பத்தி, மேசையில் எதுவும் நகரவில்லை என்பதற்கு நல்ல அடையாளம்.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் போக வேண்டுமா? 25 ஆண்டு தாண்டிய கோப்புகள் அங்கே போக வேண்டும் என்பது விதி. எல்லாம் போய்ச் சேர்ந்துவிடவில்லை. முதலில் அவர்களது ‘அபிலேக் படல்’ தளத்தில் கோப்பு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எண் கையில் இல்லாமல் டெல்லிக்கு டிக்கெட் போட வேண்டாம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், ஜி.டி., தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டும் கோடை விடுமுறையில் சட்டென்று நிரம்பிவிடும்.

6. ஆட்களிடம் பேசுவது

சென்னையில் இருப்பதன் பெரிய லாபம் இதுதான். அந்தக் காலத்துப் பேச்சுகளை நேரில் எழுதிய பத்திரிகையாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், அமைதிப்படையில் போய் வந்தவர்கள், அகதியாக வந்து இங்கேயே தங்கியவர்கள், எல்லோரும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்.

வரிசை முக்கியம். முதலில் உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் அனுமதி. அதற்குத் தமிழில் ஒப்புதல் படிவம், கேள்விப் பட்டியல், பெயரை எப்படி மறைப்பீர்கள் என்ற விளக்கம். குழு கூடுவதே சில மாதத்துக்கு ஒரு முறை என்பதால் தேதியை விசாரித்து வையுங்கள்.

கும்மிடிப்பூண்டி, புழல் போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குள் போய்ப் பேச வேண்டுமானால் தனி அனுமதி. சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வு ஆணையரகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். துறைக் கடிதம், சினாப்சிஸ், கேள்விப் பட்டியல், அடையாள அட்டை, எந்த முகாம், எத்தனை நாள், கூட யார் வருகிறார்கள் என்ற விவரம், எல்லாம் இரண்டு பிரதி. கொடுத்த அன்றே தேதியோடு ரசீது முத்திரை வாங்குங்கள். மாவட்ட நிர்வாகம் வரை தாள் போய் வர வேண்டும், ஒன்றிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் இருக்கிறார், சும்மா போய் வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் போன பிறகு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்களோடு பேசியவர்.

விடுதலைப் புலிகள் இயக்கத்தின் மீதான தடை இந்தியாவில் 1992 முதல் இருக்கிறது. 2024 மே மாதம் மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள். ஒப்பந்தத்தைப் படிப்பதும், அந்த இயக்கம் பேச்சில் முன்வைத்த திட்டங்களை ஆராய்வதும் ஆய்வுதான். ஆனால் “நீங்கள் இயக்கத்தில் இருந்தீர்களா?” என்று யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை. ஒலிப்பதிவுக் கோப்பில் பெயர் வைக்காதீர்கள். எண் மட்டும் போதும். வாட்ஸ்அப்பில் கைடுக்கு ஆடியோ அனுப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அதிகாரிகளிடம் கேட்பது போல முகாமில் கேட்டால் பதில் வராது. “2002 ஒப்பந்தம் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று நான் ஆரம்பித்தபோது, 2006-ல் படகில் வந்த ஓர் அம்மா முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கியபடியே சொன்னார்: “ஒப்பந்தத்தில என்ன எழுதினவை எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. பாதை திறந்தது தெரியும். மண்ணெண்ணெய் விலை இறங்கினது தெரியும்.” யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதையைத் திறப்பதும் பொருட்களை அனுமதிப்பதும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதியில் உள்ள ஷரத்துகள். அட்டவணையின் கடைசிப் பத்தியை நிரப்ப அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. அதன் பிறகு பாதை, மீன்பிடித் தடை, சோதனைச் சாவடி, பள்ளிக்கூடத்தில் இருந்த ராணுவம் எப்போது காலி செய்தது என்று ஷரத்தையே வாழ்க்கையாக மாற்றிக் கேட்டேன். நின்று பேசினார்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரிகளிடம் போகும்போது அட்டவணையின் பிரிண்டைக் கையோடு கொண்டு போங்கள். “ஐயா, இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் என்ன நடந்தது?” என்று காட்டிக் கேட்டால் பேசுவார்கள். வெறுங்கையோடு போனால் அவர்கள் பணியில் சேர்ந்த கதையில் இருந்து ஆரம்பிக்கும், காபி வருவதற்குள் உங்கள் நேரம் முடிந்துவிடும்.

7. எழுதும்போது விழும் குழிகள்

சுனாமிதான் அச்சேயில் சமாதானம் கொண்டுவந்தது என்று எழுதாதீர்கள். 26 டிசம்பர் 2004-க்கு முன்பே இரு தரப்புக்கும் தொடர்பு முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதே அலை இலங்கையையும் அடித்தது. அங்கே அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தை நிர்வகிக்க 2005 ஜூனில் போட்ட ஏற்பாடு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் முடங்கியது. பேரழிவு கதவைத் திறக்கலாம், உள்ளே போகும் விருப்பம் வேறு இடத்தில் இருந்து வர வேண்டும். அச்சேயில் போராளிகள் தனிநாட்டுக் கோரிக்கையை மேசையில் விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு அரசு உள்ளூர்க் கட்சிகளை அனுமதித்தது, எண்ணெய் எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் தந்தது. ஷரத்தைக் காட்டி எழுதுங்கள்.

மேசைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள். இலங்கையில் ஒப்பந்தம் போட்டது பிரதமர் ரணில். ஜனாதிபதி சந்திரிகா எதிர்க்கட்சி. 2003 நவம்பரில் அவர் பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். கிழக்கு முஸ்லிம்களுக்கு மேசையில் தனித் தரப்பாக இடமில்லை. அமெரிக்கா தடை செய்திருந்ததால் 2003 ஏப்ரலில் வாஷிங்டன் உதவிக் கூட்டத்துக்குப் புலிகள் போக முடியவில்லை; அதே மாதம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மிசோரமைப் பாருங்கள், இதற்கு நேர் எதிர். அரசுக்கு எதிரே ஒரே அமைப்பு, மிசோ தேசிய முன்னணி; ஒரே தலைவர், லால்டெங்கா. முதலமைச்சராக இருந்த காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கினார், லால்டெங்கா உட்கார்ந்தார். 20 பிப்ரவரி 1987-ல் மாநில அந்தஸ்து, அரசியல் சட்டத்தில் மிசோரமுக்கான சிறப்புப் பிரிவு 371ஜி. பதவியில் இருப்பவர் ஒருவர் தானாக எழுந்து இடம் கொடுத்ததை ஒப்பந்த உரையில் மட்டும் தேடினால் காண முடியாது. நான் பார்த்தவரை எல்லா ஆய்வேடுகளும் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என்னைக் கேட்டால் ஒரு அத்தியாயம் எழுத வேண்டிய விஷயம்.

8. செலவு, காலம், சமர்ப்பிப்பு

முதல் மாதம்: தலைப்பு, உரைகள், ஆர்டிஐ மனு, நெறிமுறைக் குழு, முகாம் அனுமதி. இவை எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும், அதனால் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதம் அட்டவணையும் நூலகமும். அனுமதி வந்த கையோடு நேர்காணல். எழுதக் குறைந்தது நான்கு மாதம். டெல்லி போகாவிட்டால் ஜெராக்ஸ், பயணம், ஆர்டிஐ, நூலகம் எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாயில் முடித்துவிடலாம். நேர்காணலை எழுத்தாக்க ஆள் வைத்தால்தான் பணம் கரையும். இலங்கைத் தமிழ் பழக்கமில்லாதவர்களிடம் அதைக் கொடுக்காதீர்கள், திருத்துவதற்குள் நீங்களே இரண்டு முறை எழுதிவிடலாம்.

சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும்: பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறீர்களா என்று பார்க்கும் மென்பொருள் ஒப்புமைச் சோதனை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஒப்பந்த ஷரத்துகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் எண் எகிறும், ஏனென்றால் அந்த வாசகங்கள் நூறு தளங்களில் இருக்கின்றன. முறைப்படி மேற்கோள் குறியும் மூலமும் கொடுத்த பகுதிகளைக் கணக்கில் இருந்து விலக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. சோதனை செய்யும் நூலகப் பணியாளரிடம் அந்த விலக்கு அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். ஒப்பந்தங்களின் முழு உரையைப் பின்னிணைப்பாகத் தனிக் கோப்பில் கொடுங்கள், பிரதான கோப்போடு சேர்க்காதீர்கள். தேதி அட்டவணையை மட்டும் பிரதான கோப்பிலேயே, முதல் அத்தியாயம் முடிந்தவுடன் வையுங்கள். தேர்வாளர் வைவாவில் கேட்கும் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.